பூட்டு போட்டவர்தான் திறக்கணும்

எங்க வீட்டுக்காரர் ரிட்டையர் ஆன மறுநாள் காலைல, வீட்டுக்குள்ள விசில் சத்தம் கேட்டுச்சு.

குக்கர்னு நெனச்சு அடுப்படிக்கு ஓடினேன். அங்க குக்கரே வெக்கல. திரும்பி வந்து பாத்தா, ஹால் நடுவுல மனுஷன் நிக்கறார். மேல மஞ்சள் ஹெல்மெட். கீழ தூங்கி எழுந்த கசங்கின பைஜாமா. வாய்ல விசில்.

"எல்லாரும் கூடுங்க!"ன்னார்.

"எல்லாரும்னா யாருங்க?"

"பணியாளர்கள்."

பின்னாடி திரும்பிப் பாத்தேன். ஈ காக்கா இல்ல. பிள்ளைங்க ஆளுக்கொரு ஊர்ல இருக்காங்க. ஆக, பணியாளர்கள்னா நான் ஒருத்திதான்.

இவர் சோப்புக் கம்பெனில சேஃப்டி ஆபீசரா இருந்தவர். சோப்புக் கம்பெனித் தரை எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அந்தத் தரையில இவர் இருந்த வரைக்கும் ஒருத்தன் வழுக்கி விழல. விழலாமான்னு ஒருத்தன் மனசுல நெனச்சாலே இவர் விசில் ஊதிடுவாராம். அங்க எல்லாருக்கும் இவர் 'விசில் சார்'.

"இங்க பாரு"ன்னார். "ரிட்டையர் ஆனவன் சாய்வு நாற்காலில உக்காந்தா துரு பிடிச்சுடுவான். நான் துரு பிடிக்க மாட்டேன். கடைசி வரைக்கும் சுறுசுறுப்பா, உபயோகமா இருக்கப் போறேன். இன்னைலேர்ந்து இது விபத்தே இல்லாத வீடு!"

"இதுவரைக்கும் இங்க என்னங்க விபத்து நடந்துச்சு?"ன்னு கேட்டேன். நம்ம கல்யாணத்தைத் தவிரன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

கல்யாணம்னதும் ஞாபகம் வருது. கல்யாண மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் மாப்பிள்ளை முதல்ல எங்க அப்பாகிட்ட என்ன கேட்டார் தெரியுமா? "மாமா, இங்கேர்ந்து வெளிய போற வழி எத்தனை இருக்கு?" எங்கப்பாவுக்கு உயிரே போயிடுச்சு. மாப்பிள்ளை ஓடப் பாக்கறார்னு நெனச்சு, வாசலுக்கு ஒரு சித்தப்பா, கொல்லைக்கு ஒரு மாமான்னு காவல் போட்டுட்டார். மண்டபத்துல நெருப்பு பிடிச்சா ஜனங்க எப்படி வெளிய போறதுன்னுதான் இவர் கேட்டிருக்கார். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? போட்டோ எல்லாத்துலயும் மாப்பிள்ளைக்குப் பின்னாடி எங்க பெரிய மாமா இடுப்புல கைய வெச்சுக்கிட்டு முறைச்சுட்டு நிப்பார். இன்னைக்கும் ஆல்பம் பாக்கறவங்க எல்லாம் அவர்தான் வில்லனான்னு கேப்பாங்க.

எங்க விட்டேன்? ஆங், ஹெல்மெட்டு.

"இன்றைய தலைப்பு, ஈரத் தரை"ன்னு பேச்சை ஆரம்பிச்சார். கம்பெனில வேலை தொடங்கறதுக்கு முன்னாடி தினமும் எல்லாரையும் நிக்க வெச்சு இப்படிப் பேசணுமாம். அது விதியாம்.

"ஏங்க, அடுப்புல பால் இருக்கு."

"பேச்சு முடியற வரைக்கும் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது."

"பொங்கிடும்."

"ஒழுங்கு முக்கியம்."

பொங்கிடுச்சு. அடுப்பெல்லாம் பால், தரையெல்லாம் பால். இவர் குனிஞ்சு பாத்து, "பாத்தியா, ஈரத் தரை!"ன்னு ஏதோ நான்தான் பாடத்துக்கு உதாரணம் காட்டினா மாதிரி சந்தோஷப்பட்டார். அப்புறம் விசாரணை வெச்சார். காரணம் என்னன்னு அவரே கேட்டு அவரே முடிவும் சொன்னார். பணியாளரின் கவனக்குறைவு.

இதாவது பரவாயில்ல. தீ ஒத்திகைன்னு ஒண்ணு வெச்சார் பாருங்க. என் நாத்தனார் வந்திருந்த நேரம். அவ ஒரு தடவை குளிக்கப் போனா மூணு பேர் குளிக்கற தண்ணிய காலி பண்ணுவா. அன்னைக்கும் உள்ள குளிச்சுட்டிருக்கா, தலையெல்லாம் ஷாம்பு நுரை. இவர் வெளிய நின்னு விசில் ஊதறார். "தீ! தீ! இருக்கற நிலைமைலயே வெளிய வரணும்!"னு கத்தறார். பாவம், பெரிய துண்டைச் சுத்திக்கிட்டு, கண்ணு தெரியாம, ரெண்டு மாடி இறங்கித் தெருவுக்கே போய்ட்டா. இவர் கடிகாரத்தைப் பாத்து, "ரொம்ப தாமதம், அடுத்த தடவை இன்னும் வேகமா வரணும்"ன்னார். அடுத்த தடவைங்கறதே இல்லாம போச்சு. அதுக்கப்புறம் அவ எங்க வீட்டுப் பக்கமே வரல. நான் ஒத்திகைய எதிர்த்து ஒரு வார்த்தை பேசல.

ஆனா என் பொறுமையெல்லாம் பூட்டு வர்ற வரைக்கும்தான்.

அதுக்கு முன்னாடி என்னைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். அவருக்கு கம்பெனில ரிட்டையர்மென்ட் கொடுத்தாங்க, விருந்து வெச்சாங்க, சுவர்க் கடிகாரம் கொடுத்தாங்க. எனக்கு யாரு கொடுத்தா? அடுப்படிக்கு ரிட்டையர்மென்ட் உண்டா? அதனால கடைசிப் பொண்ணும் கல்யாணமாகிப் போனதும் நானே எனக்கு ஒரு வேலை கொடுத்துக்கிட்டேன். ஒரு ஓவன் வாங்கினேன். கேக் செய்யக் கத்துக்கிட்டேன். முதல் கேக்கை உடைக்க சுத்தியல் தேவைப்பட்டுச்சு. ரெண்டாவதுக்கு ஸ்பூன் போதும். அதுக்கப்புறம் தெருவுல யாருக்குப் பிறந்தநாள்னாலும் என்கிட்டதான் வருவாங்க. எல்லாரும் கேக்கம்மான்னு கூப்பிடுவாங்க. இத்தனை வருஷமா இன்னாரோட பொண்டாட்டி, இன்னாரோட அம்மா, இன்னாரோட பாட்டின்னே இருந்தவ. எனக்குன்னு வந்த முதல் பேரு அது. அது நல்லா இருந்துச்சு.

அந்த ஓவனுக்குத்தான் பூட்டு போட்டார்.

காலைல பாக்கறேன், ஓவன் ப்ளக்கை சுவர்லேர்ந்து புடுங்கி, ஒரு சிவப்பு டப்பாக்குள்ள வெச்சு, டப்பாவுக்குப் பூட்டு போட்டிருக்கார். சாவி அவர் கழுத்துல தொங்குது.

"என்னங்க இது?"

"ஒயர் தேஞ்சிருக்கு. பழுதான இயந்திரத்தை யாரும் தெரியாம போட்டுடக் கூடாது. அதுக்குத்தான் பூட்டு. எங்க கம்பெனில இதுதான் முறை."

"சரி, ஒயரை மாத்திட்டு திறங்க."

"பழுது பாக்கற பிரிவுக்குச் சொல்லியிருக்கேன்."

"அது யாரு?"

"நான்தான்."

"எப்ப பாப்பீங்க?"

"வரிசைப்படி பாப்பேன். முன்னாடி இஸ்திரிப் பெட்டி இருக்கு. அதுக்கு முன்னாடி மிக்சி இருக்கு. எல்லாத்துக்கும் பூட்டு போட்டாச்சு."

"சாவியக் கொடுங்க, நானே திறந்துக்கறேன்."

மனுஷன் மார்ல கைய வெச்சு ரெண்டடி பின்னாடி போனார். நான் ஏதோ சங்கிலி அறுக்க வந்தா மாதிரி. "பூட்டு போட்டவர்தான் திறக்கணும்! முதலாளியே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ஒரு தடவை எங்க முதலாளி நிஜமாவே வந்து கேட்டார். கொடுத்தேனா?"

"கொடுத்தீங்களா?"

"கொடுக்கல."

"அதான் உங்களுக்கு ப்ரமோஷனும் கொடுக்கல."

அந்த நேரம் பாத்து கீழ் வீட்டு பல் டாக்டர் பொண்ணு வந்து நிக்குது. எங்க கட்டடத்துலயே கீழ்த்தளத்துல க்ளினிக் வெச்சிருக்கு. என் கடைசிப் பொண்ணு வயசுதான். ஆனா வாய்க்குள்ள ஊசி போடறவங்களை வா போன்னு பேச எனக்கு தைரியம் கிடையாது. டாக்டரம்மான்னுதான் கூப்பிடுவேன்.

"கேக்கம்மா, க்ளினிக் தொடங்கி சனிக்கிழமையோட ஒரு வருஷம். பெரிய கேக் வேணும். கடைவாய்ப் பல்லு மாதிரியே இருக்கணும். வேரோட."

"பல் டாக்டரே ஊருக்குக் கேக் கொடுக்கலாமா டாக்டரம்மா?"

"நான் கொடுத்தாதானே அப்புறம் அவங்க என்கிட்ட வருவாங்க?"

பொழைக்கத் தெரிஞ்ச பொண்ணு. ஒத்துக்கிட்டேன். இதுவரைக்கும் இவ்ளோ பெரிய கேக் நான் பண்ணினதே இல்ல. ஊரே வந்து பாக்கும். சந்தோஷத்துல ஓவன் பூட்டிக் கிடக்கறதே மறந்து போச்சு. அந்தம்மா படி இறங்கினப்புறம்தான் ஞாபகம் வந்து நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டேன்.

எலெக்ட்ரிஷியனை வரச் சொன்னேன். வந்தார். எங்க வீட்டுக்காரர் வாசல்லயே நிறுத்தி, மேலேர்ந்து கீழ பாத்து, "செருப்போட வந்திருக்கீங்க? பாதுகாப்பு ஷூ எங்க?"ன்னார்.

"நான் ஒயர் மாத்த வந்தேன் சார், மலை ஏற வரல."

"ஷூ இல்லாம உள்ள அனுமதி இல்ல."

போய்ட்டார். இவர் எப்பவாவது வெளிய போனா எலெக்ட்ரிஷியனைக் கூப்பிடலாம். ஆனா எங்க போறார்? முன்னெல்லாம் கம்பெனிக்குப் போவார், நான் மூச்சு விடுவேன். இப்ப காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் வீட்டுலயே ரோந்து. கடைக்குப் போய்ட்டு வாங்கன்னா, "நான் இல்லாதப்போ ஏதாவது ஆயிட்டா?"ங்கறார். அவர் இருக்கறதாலதானே எல்லாம் ஆகுது!

வியாழக்கிழமை படி இறங்கி டாக்டரம்மாகிட்ட போனேன். விஷயத்தைச் சொன்னேன். ஓவன் திறக்கலன்னா கேக் இல்ல.

"எவ்ளோ நேரம் அவர் வெளிய இருந்தா போதும்?"

"ஒரு ஒயர் மாத்தற நேரம். ஒரு மணி நேரம்னு வெச்சுக்கோங்க."

"கீழ அனுப்பி விடுங்க. வாயை நான் பாத்துக்கறேன்."

"நானும் கல்யாணமான நாள்லேர்ந்து அதைத்தான் பாக்கறேன் டாக்டரம்மா, முடியல."

அப்படியே கேக் விலையும் பேசி முடிச்சோம். அந்தப் பேச்சு இப்ப வேணாம்.

வெள்ளிக்கிழமை காலைல, அவர் ரெண்டு பெரிய டம்ளர் டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருந்தேன். எங்க வீட்ல ஒரே ஒரு பாத்ரூம். கதவுல ஒரு கீல் ஆடறது நிஜம். பெட்டிக்குப் போடற பூட்டு ஒண்ணு எடுத்து, அந்தக் கதவுல போட்டு, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன்.

"என்ன இது?"

"பூட்டு."

"தெரியுது. எதுக்கு?"

"கீல் ஆடுது. கதவு கழண்டு யார் தலைலயாவது விழுந்தா? விபத்தே இல்லாத வீடாச்சே."

கதவை ஆட்டிப் பாத்தார். ஆடிச்சு. மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "இத்தனை நாள் நான் பேசினது வீண் போகல"ன்னு எனக்குக் கை கொடுத்தார். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் எனக்குக் கை கொடுத்தது அன்னைக்குத்தான்.

கொஞ்ச நேரம் போச்சு. பேப்பர் படிச்சார். காலை மாத்திப் போட்டார். மறுபடி மாத்திப் போட்டார். எழுந்தார்.

"ஏய்... அந்தக் கதவு..."

"ஆமா, கதவு."

"ரெண்டு நிமிஷம் திறந்தா..."

"பழுது பாக்காம திறக்கலாமாங்க? தச்சருக்குச் சொல்லியிருக்கேன்."

"எப்ப வரார்?"

"வரிசைப்படி வருவார்."

ஹெல்மெட்டைக் கழட்டினார். மாட்டினார். ஒரு கால்ல நின்னார்.

"இல்ல, நீதானே பூட்டு போட்ட. நீ திறக்கலாம். விதிப்படி தப்பே இல்ல."

"சரி. நான் இதைத் திறக்கறேன். நீங்க ஓவனைத் திறங்க."

அந்த முகத்தை நீங்க பாத்திருக்கணும். கொள்கை மேல இழுக்குது, டீ கீழ இழுக்குது.

"கொள்கைய... விக்க... மாட்டேன்!"னு சொல்லிட்டு வாசலைத் திறந்து படில இறங்கினார். அந்த அவசரத்துலயும் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கினார். இதுக்காகவே இந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும்.

கீழ நடந்ததை க்ளினிக்ல டோக்கன் கொடுக்கற பொண்ணு எனக்கு அப்புறமா நடிச்சே காட்டிச்சு.

"பாத்ரூம் எங்கம்மா?"ன்னு கேட்டுட்டே ஓடி வந்தாராம்.

"பேஷன்ட்டுக்கு மட்டும்தான் சார்."

"நான் பேஷன்ட்தான்!"

"என்ன தொந்தரவு சார்?"

"பல்லு! பல்லு! எல்லாப் பல்லும்!"

போய்ட்டு நிம்மதியா வெளிய வந்தவரை அந்தப் பொண்ணு நேரா நாற்காலில உக்காத்தி வெச்சுடுச்சு. டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தா, கடைசில நிஜமாவே ஒரு பல்லு சொத்தை! வருஷக்கணக்கா வலிக்குதாம். எங்க யாருகிட்டயும் மூச்சு விடல. ஊர்ல இருக்கற ஒயருக்கெல்லாம் பூட்டு போட்டவர், சொந்தப் பல்லை அப்படியே விட்டு வெச்சிருக்கார்.

"இன்னொரு நாள் வரேன்"னு எழுந்தாராம்.

டாக்டரம்மா, "சார், பழுதான இயந்திரம். அப்படியே ஓட்டலாமா? உங்க கம்பெனில விடுவீங்களா?"ன்னு கேட்டுச்சாம்.

உக்காந்துட்டார்.

மேல எலெக்ட்ரிஷியன் வந்தார். செருப்போடதான். "பூட்டை உடைக்கட்டுமா?"ன்னார். "தொடாதீங்க! பூட்டு போட்டவர்தான் திறக்கணும்"னேன். எனக்கும் கொள்கை இருக்கு இல்ல? ப்ளக் பக்கம் தொடாம, பழைய ஒயரை ஓவன்ல சேர்ற முனைல கழட்டச் சொன்னேன். புது ஒயர், புது ப்ளக். பழைய ஒயர், டப்பா, பூட்டு எல்லாத்தையும் அப்படியே சுருட்டி அலமாரில வெச்சேன். சிவப்பு டப்பாக்கு எலி வால் முளைச்சா மாதிரி இருந்துச்சு. அப்புறம் மாவைக் கலந்தேன். வாய் தானா பாட்டு முணுமுணுக்குது. சந்தோஷம்.

இவர் ஏறி வரப்போ வீடு பூரா கேக் வாசனை. ஒரு பக்கக் கன்னம் மரத்துப் போய் உதடு தொங்குது. வாய்க்குள்ள பஞ்சு. ஓவனைப் பாத்தார். உள்ள மஞ்சளா வெளிச்சம் எரியுது.

"ஊட்டு!"ன்னார்.

"என்னங்க?"

"ஊட்டு! ஊட்டு!"

"இந்த வயசுல ஊட்டச் சொல்றீங்களே, யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க? வேகட்டும், ஒரு துண்டு தரேன், நீங்களே சாப்பிடுங்க."

கழுத்துச் சாவியத் தூக்கிக் காட்டிக் குதிச்சார். நான் அலமாரியைக் காட்டினேன். போய்ப் பாத்தார். பூட்டு பூட்டினபடியே இருக்கு. திருப்பித் திருப்பிப் பாத்தார். இழுத்துப் பாத்தார். விதி ஒரு இடத்துலயும் மீறப்படல. தேஞ்ச ஒயரும் ஓவன்ல இல்ல. வாய் நல்லா இருந்திருந்தாக்கூட அவரால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. பாத்ரூம் பூட்டையும் திறந்துட்டேன். கீலுக்கு எலெக்ட்ரிஷியனே ஒரு திருகாணி போட்டுட்டுப் போனார்.

அன்னைக்கு பூரா வீடு அமைதியா இருந்துச்சு. மரத்துப் போற ஊசிய வீட்டுக்கே கொடுத்தனுப்புவாங்களான்னு கேக்கணும்னு நெனச்சேன்.

சாயந்தரம் மரமரப்பு போனதும் மறுபடி கீழ போனார். திரும்பி வரப்போ நடையே வேற. நெஞ்சு ஒரு சாண் முன்னாடி வருது.

"உனக்குத்தான் என் அருமை தெரியல. அங்க வெளிய போற வழிய அட்டைப் பெட்டி வெச்சு அடைச்சிருக்காங்க. தீயணைக்கற உருளை காலாவதி. நாற்காலில படுத்துக்கிட்டே கவனிச்சுட்டேன். சொன்னதும் டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிடுது. தினமும் வந்து பாத்துக்கோங்க சார்னு கெஞ்சுது!"

"நீங்க போய்ட்டா இந்த வீட்டை யாருங்க பாத்துக்கறது?"ன்னேன். குரலைக் கொஞ்சம் உடைச்சுக்கிட்டேன்.

"கடமைன்னு ஒண்ணு இருக்கு. நீ மனசைத் தேத்திக்கோ."

தேத்திக்கிட்டேன்.

சனிக்கிழமை காலைலயே இஸ்திரி போட்ட சட்டை, ஹெல்மெட்டோட போய்ட்டார். இஸ்திரிப் பெட்டிப் பூட்டை அவரே திறந்து, அவரே ஒயர் மாத்தி, அவரே இஸ்திரி போட்டுக்கிட்டார். வரிசையாவது ஒண்ணாவது! கேக்கைத் தூக்கிட்டு நான் கீழ போறப்போ பாக்கறேன், காத்திருக்கறவங்க முன்னாடி நின்னு காலைப் பேச்சு நடத்திட்டிருக்கார். ஒருத்தர் கன்னத்தைப் பிடிச்சிருக்கார், ஒருத்தர் வாய்ல பஞ்சு, உள்ள ஒருத்தர் வாயைப் பொளந்து படுத்திருக்கார். ஒருத்தராலயும் எழுந்து போக முடியாது. ஒருத்தராலயும் பதில் பேச முடியாது. வாழ்க்கைலயே இப்படி ஒரு கூட்டம் அவருக்குக் கிடைச்சதில்ல. முகத்துல என்ன ஒரு களை! பத்து வயசு குறைஞ்சா மாதிரி இருந்தார்.

சாயந்தரம் விழா. கேக் மேசை மேல வெள்ளை வெளேர்னு நிக்குது. வேரெல்லாம் இருக்கு. பசங்க வேருக்குத்தான் அடிச்சுக்கிட்டாங்க. ஊரே "கேக்கம்மா, கேக்கம்மா"ங்குது. நான் தரைலயே இல்ல.

எங்க வீட்டுக்காரர் மைக்கைப் பிடிச்சார். "ரிட்டையர் ஆனவங்க என்னைப் பாத்துக் கத்துக்கணும். உழைக்கத் தயாரா இருந்தா உலகம் தேடி வரும். என்னை மாதிரி அனுபவசாலி சும்மா கிடைப்பானா? டாக்டரம்மா எவ்ளோ கெஞ்சி, என்ன கொடுத்து என்னை இங்க கொண்டு வந்தாங்கன்னு அவங்களே சொல்லட்டும்!"

டாக்டரம்மா வாய் நிறைய கேக். வெள்ளந்தியா சிரிச்சுது. "நான் எங்க சார் கொடுத்தேன்? அட்டைப் பெட்டிய நீங்க கண்டுபிடிச்சது என் அதிர்ஷ்டம். அதுக்கு முன்னாடியே பேசி முடிச்சாச்சு. கேக்குக்குக் காசு வேணாம், அதுக்கு பதிலா சாரை தினமும் காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் இங்கயே வெச்சுக்கோங்கன்னு கேக்கம்மாதானே சொன்னாங்க!"

மைக் கீழ இறங்குச்சு. மெதுவா என் பக்கம் திரும்பினார்.

"ஒரு கேக்குக்கா என்னைக் கொடுத்த?"

எனக்கே பாவமாப் போச்சு. பக்கத்துல போய், அவர் ஹெல்மெட்டுல ஒட்டியிருந்த க்ரீமைத் துடைச்சு விட்டு, உள்ளதைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமையும் சேத்துத்தாங்க கேட்டேன். டாக்டரம்மாதான் ஒத்துக்கல."